புராஸ்டேட் வீக்கம்: தழும்பில்லாத சிகிச்சையும் அதன் பின் வரும் வாரங்களும்

ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுள் பலருக்கும் வரும் புராஸ்டேட் வீக்கத்துக்கு, இன்று வயிற்றைக் கிழிக்காமலேயே சிகிச்சை அளிக்க முடிகிறது. சிறுநீர் வெளியேறும் பாதை வழியாகவே கருவியைச் செலுத்திச் செய்யப்படும் இம்முறைகளில் வெளியே தையல் இல்லை, தழும்பும் இல்லை. பெரும்பாலானோர் சில நாட்களிலேயே வீடு திரும்புகின்றனர்.

ஆனால், வீடு திரும்பிய இரண்டாவது வாரத்தில் அவர்களுள் சிலர் கவலையோடு மீண்டும் மருத்துவமனைக்கு வருகின்றனர். “சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது”, “முன்பைவிட அடிக்கடி போக வேண்டியிருக்கிறது”, “நேற்று சிவப்பாக வந்தது”, “சிகிச்சை பலிக்கவில்லையோ?” என்று கேட்கின்றனர். பரிசோதித்துப் பார்த்தால், பெரும்பாலானோருக்குச் சிகிச்சையில் குறை எதுவும் இருப்பதில்லை. வெளியே தையல் இல்லாததால் உள்ளேயும் புண் இல்லை என்று அவர்கள் எண்ணியிருந்தனர் என்பதே காரணம். உள்ளே புண் உண்டு. அது ஆறச் சில வாரங்கள் ஆகும். இதை முன்கூட்டியே அறிந்தவர்கள் அந்த வாரங்களைப் பதற்றமின்றிக் கடக்கின்றனர்.

சிகிச்சைக்கு முன்பு என்ன முடிவு எடுக்க வேண்டும், சிகிச்சையின்போது என்ன நடக்கும், அதன் பின் எவற்றை எதிர்பார்க்கலாம், எவற்றுக்கு அஞ்ச வேண்டும் என்பனவற்றை நோயாளிகளின் அனுபவங்களோடு இங்கே விளக்குகிறோம்.

புராஸ்டேட் வீக்கம் என்றால் என்ன?

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி வளையம்போல் அமைந்திருக்கிறது. விந்து நீரின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் வேலை. இளவயதில் இதன் எடை ஏறத்தாழ 20 கிராம். வயது ஏறும்போது, ஆண் இயக்குநீரின் தாக்கத்தால் இச்சுரப்பி மெதுவாகப் பெருக்கிறது. ஐம்பதுகளில் உள்ள ஆண்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்தப் பெருக்கம் காணப்படும். வயது கூடக்கூட இந்த விகிதமும் கூடும். பெருக்கம் உள்ள எல்லோருக்கும் தொல்லை வருவதில்லை.

இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. எனினும், இரண்டும் ஒரே சுரப்பியில், ஒரே வயதில் வரக்கூடியவை. ஆகையால், புற்றுநோய் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளும் பரிசோதனைகளும் தேவைப்படுகின்றன.

சுரப்பி குழாயை நெருக்கும்போது பின்வரும் அறிகுறிகள் தோன்றும்:

- சிறுநீர் தொடங்குவதற்குத் தாமதம், முக்கிக் கழிக்க வேண்டிய நிலை
- மெலிந்த, விட்டுவிட்டு வரும் தாரை. முடிவில் சொட்டுச் சொட்டாக வடிதல்
- முழுமையாக வெளியேறவில்லை என்ற உணர்வு
- பகலில் அடிக்கடியும், இரவில் பலமுறையும் எழ வேண்டிய நிலை
- வந்தவுடன் அடக்க முடியாத அவசரம்

சுரப்பியின் அளவும் தொல்லையின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெரிய சுரப்பி உள்ள ஒருவர் தொல்லையின்றி இருக்கலாம். சிறிய சுரப்பியே இன்னொருவருக்கு அடைப்பை உண்டாக்கலாம். ஸ்கேன் அறிக்கையில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து அஞ்சவோ அலட்சியம் செய்யவோ வேண்டாம்.

‘வயதானால் இப்படித்தான்’ என்று விட்டுவிடலாமா?

கூடாது. பேருந்துப் பயணத்துக்கு முன் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, திருமண மண்டபத்துக்குள் நுழைந்ததும் கழிப்பறை எங்கே என்று பார்த்துவைப்பது, இரவில் நான்கைந்து முறை எழுவது என்று பலர் தங்கள் வாழ்க்கையையே இந்தத் தொல்லைக்கு ஏற்ப மாற்றிக்கொள்கின்றனர். கூச்சத்தால் மனைவியிடமோ மகனிடமோகூடச் சொல்வதில்லை.

ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் இப்படி ஆறு ஆண்டுகள் சமாளித்தார். ஒருநாள் சளிக்காக மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். அன்றிரவு சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. தாங்க முடியாத வலியோடு நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு அழைத்துவரப்பட்டார். குழாய் செலுத்தியபோது ஒரு லிட்டருக்கும் மேல் சிறுநீர் வெளியேறியது. சளி, தும்மல், மூக்கடைப்புக்குத் தரப்படும் சில மாத்திரைகள் சிறுநீர்ப்பையின் தசையைத் தளர்த்தும். அல்லது அதன் வாய்ப்பகுதியை இறுக்கும். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் இத்தகைய மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது.

இதைவிட ஆபத்தானது வலியில்லாமல் தேங்கும் சிறுநீர். சிறுநீர்ப்பை சிறிது சிறிதாக விரிந்து கொடுப்பதால் நோயாளிக்கு வலி தெரியாது. அழுத்தம் மேலே ஏறிச் சிறுநீரகங்களைப் பாதிக்கும். முதியவர் ஒருவர் தூக்கத்தில் படுக்கையை நனைக்கத் தொடங்கினால், அதை மூப்பின் இயல்பு என்று எண்ண வேண்டாம். நிரம்பி வழியும் சிறுநீர்ப்பையின் அடையாளமாக அது இருக்கலாம். ஒரு நோயாளியின் மனைவி, படுக்கை விரிப்பு நனைவதைக் கவனித்து வற்புறுத்தி அழைத்துவந்ததால்தான் அவருடைய சிறுநீரகங்கள் மேலும் கெடாமல் தடுக்கப்பட்டன.

என்னென்ன பரிசோதனைகள் செய்யப்படும்?

முதலில் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தரப்படலாம். கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வோர் அறிகுறியும் எவ்வளவு அடிக்கடி இருந்தது என்பதற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 7 வரை லேசான பாதிப்பு. 8 முதல் 19 வரை மிதமானது. 20 முதல் 35 வரை கடுமையானது. இதே படிவத்தைச் சிகிச்சைக்குப் பின்னரும் நிரப்பினால் எவ்வளவு குணம் தெரிகிறது என்பதை நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்த்தல், சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகச் செயல்பாட்டுக்கான கிரியாட்டினின், சர்க்கரை அளவு, பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை ஆகியவை செய்யப்படும். ஸ்கேன் மூலம் சுரப்பியின் அளவும், சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு மீந்திருக்கிறது என்பதும் அறியப்படும். சிறுநீர்த் தாரையின் வேகத்தை அளக்கும் கருவியும் உண்டு. நொடிக்கு 10 மில்லிலிட்டருக்குக் குறைவான வேகம், அடைப்பு இருக்கலாம் எனக் காட்டும்.

ஃபினஸ்டரைடு அல்லது டூட்டாஸ்டரைடு மாத்திரையை ஆறு மாதங்களுக்கு மேல் உட்கொள்பவர்களுக்கு பி.எஸ்.ஏ. அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து காணப்படும். இதை மருத்துவரிடம் சொல்லாவிட்டால், அறிக்கையில் உள்ள எண் தவறான நிம்மதியைத் தரக்கூடும்.

மாத்திரை போதுமா, சிகிச்சை தேவையா?

லேசான தொல்லைக்குப் பழக்கவழக்க மாற்றங்களே போதும். மாலைக்குப் பின் காப்பி, தேநீரைக் குறைப்பது, படுப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே தண்ணீர் குடித்து முடிப்பது, மலச்சிக்கலைத் தவிர்ப்பது ஆகியவை உதவும்.

மிதமான தொல்லைக்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் சில நாட்களிலேயே பலன் தரும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரலாம். ஆகவே, இரவில் எழுபவர்கள் சற்று உட்கார்ந்திருந்துவிட்டுப் பின்னர் நிற்க வேண்டும். கண்புரை அறுவை சிகிச்சைக்குச் செல்பவர்கள் இம்மாத்திரை உட்கொள்வதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். சுரப்பியைச் சுருக்கும் ஃபினஸ்டரைடு போன்ற மாத்திரைகளின் முழுப் பலன் தெரிய ஆறு மாதங்கள் ஆகும்.

மாத்திரையால் குணம் இல்லாதபோது, அல்லது பக்கவிளைவால் மாத்திரையைத் தொடர முடியாதபோது சிகிச்சை பரிந்துரைக்கப்படும். சிறுநீர் அடைத்துக்கொண்டு குழாயை எடுக்க முடியாத நிலை, திரும்பத் திரும்ப வரும் தொற்று அல்லது இரத்தப்போக்கு, சிறுநீர்ப்பையில் கல், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை இருந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நல்லதன்று.

எந்தெந்தச் சிகிச்சை முறைகள் உள்ளன?

டி.யு.ஆர்.பி.: சிறுநீர்க் குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தி, அடைக்கும் திசுவைச் சிறு சிறு துண்டுகளாகச் சுரண்டி எடுக்கும் முறை. பல பத்தாண்டுகளாக நடைமுறையில் உள்ளது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து இது நடத்தப்படும். ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். வடிகுழாய் ஒன்று முதல் மூன்று நாட்கள் இருக்கும்.

ஹோலெப் எனப்படும் லேசர் சிகிச்சை: பெருத்த பகுதியை லேசர் கதிரால் முழுமையாக உரித்தெடுக்கும் முறை. மிகப் பெரிய சுரப்பிக்கும் ஏற்றது. இரத்தப்போக்கு குறைவு. முதல் சில வாரங்களில் இருமும்போதும் எழும்போதும் சிறுநீர் கசிவது உண்டு. பெரும்பாலும் அது தானாகச் சீராகும்.

நீராவிச் சிகிச்சை: ரெசூம் எனப்படும் இம்முறையில் சுரப்பிக்குள் ஒவ்வொரு முறையும் 9 நொடிகள் நீராவி செலுத்தப்படும். வெந்த திசுவை உடல் படிப்படியாக உறிஞ்சிக்கொள்ளும். சிகிச்சை சில நிமிடங்களில் முடிந்தாலும் வடிகுழாய் பல நாட்கள் இருக்க வேண்டியிருக்கும். முழுப் பலன் தெரிய மூன்று மாதங்கள் வரை ஆகலாம்.

யூரோலிஃப்ட்: திசுவை வெட்டாமல், சிறு கொக்கிகளால் அதை இருபுறமும் ஒதுக்கிக் கட்டிப் பாதையைத் திறக்கும் முறை. மிகப் பெரிய சுரப்பிக்கு ஏற்றதன்று. பலருக்கு வடிகுழாயே தேவைப்படுவதில்லை.

இரத்தக்குழாய் அடைப்புச் சிகிச்சை: தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, புராஸ்டேட்டுக்குச் செல்லும் இரத்தக்குழாய்களை நுண்துகள்களால் அடைக்கும் முறை. இரத்த ஓட்டம் குறைவதால் சுரப்பி மெல்லச் சுருங்கும். மயக்க மருந்தைத் தாங்க இயலாத சிலருக்கு இது பொருந்தலாம்.

டி.யு.ஆர்.பி. பரவலாகச் செய்யப்படுகிறது. மற்றவை எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை. புதிய முறை என்பதாலேயே ஒன்று உங்களுக்குச் சிறந்ததாகிவிடாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

சுரப்பியின் அளவு, இதய நோய், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை மருத்துவர் பார்ப்பார். உங்களுக்கு எது முக்கியம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

திசுவை அகற்றும் முறைகளில் தாரையின் வேகம் அதிகமாகக் கூடும். பலன் நெடுநாள் நிலைக்கும். திசுவை விட்டுவைக்கும் முறைகளில் விந்து வெளிப்பாடு பெரும்பாலும் காக்கப்படும். ஆனால் தாரையின் முன்னேற்றம் குறைவு, மறு சிகிச்சைக்கான வாய்ப்பு கூடுதல். ஆய்வுகளில் ஐந்தாண்டுகளுக்குள் மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள், யூரோலிஃப்ட் செய்துகொண்ட 100 பேரில் ஏறத்தாழ 14 பேர். நீராவிச் சிகிச்சை செய்துகொண்ட 100 பேரில் 4 முதல் 5 பேர்.

நீண்டகாலச் சர்க்கரை நோயால் சிறுநீர்ப்பைத் தசையே தளர்ந்திருந்தால், அடைப்பை நீக்கினாலும் எதிர்பார்த்த வேகம் வராமல் போகலாம். இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தாம்பத்தியம் பற்றிய ஒளிவில்லாத உண்மை

நோயாளிகள் கேட்கத் தயங்குவதும், மருத்துவர்கள் சில வேளைகளில் சொல்லாமல் விடுவதும் இதுவே. டி.யு.ஆர்.பி. செய்துகொண்டவர்களுள் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு, உச்ச நிலையில் விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் சென்றுவிடும். பின்னர் சிறுநீரோடு அது கலங்கலாக வெளியேறும். ஹோலெப் முறையிலும் இதே நிலைதான். இதனால் உடலுக்குத் தீங்கு இல்லை. விறைப்புத் தன்மையும் இன்ப உணர்வும் பெரும்பாலானோருக்கு மாறுவதில்லை. ஆனால், இம்மாற்றம் பொதுவாக நிலையானது. குழந்தைப்பேற்றை எதிர்நோக்குபவர்கள் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வேறோர் இடத்தில் சிகிச்சை பெற்றிருந்த ஐம்பத்தெட்டு வயதுத் தையற்காரர் ஒருவர், தமக்கு ஆண்மை போய்விட்டது என்று எண்ணி எட்டு மாதங்கள் மனைவியிடமிருந்து விலகியே இருந்தார். நடந்தது இன்னது என்று விளக்கியதும் அவர் சொன்னது இதுதான்: “இதை முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே!” அவருக்குச் செய்யப்பட்ட சிகிச்சையில் பிழையில்லை, சொல்லாமல் விட்டதே பிழை. உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

சிகிச்சைக்கு முன்பும் சிகிச்சை நாளிலும்

ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். சிறுநீரில் தொற்று இருந்தால் அதைக் குணப்படுத்திய பின்னரே சிகிச்சை நடைபெறும்.

முதுகில் ஊசி போட்ட பின் சில மணி நேரம் கால்கள் மரத்திருக்கும். ஊசியின் வலியைவிட, காலை அசைக்க முடியாத அந்த நேரமே அச்சம் தந்தது என்று பலர் சொல்வதுண்டு. உணர்வு படிப்படியாகத் திரும்பிவிடும். கண் விழித்துப் பார்க்கும்போது வடிகுழாயும் அதன் வழியாகச் சிறுநீர்ப்பையைக் கழுவும் உப்புநீரும் ஓடிக்கொண்டிருக்கும். பையில் சேரும் நீர் இளஞ்சிவப்பாக இருப்பதைக் கண்டு உறவினர்கள் அஞ்ச வேண்டாம். சிறிதளவு இரத்தமே நிறைய நீரைச் சிவப்பாக்கிவிடும்.

வடிகுழாயுடன் இருக்கும் நாட்கள்

சிகிச்சையைவிட ‘டியூப்’தான் தொல்லையாக இருந்தது என்பது பலருடைய அனுபவம். உள்ளே குழாய் இருக்கும்போதே சிறுநீர் முட்டுவதுபோல் தோன்றும். சிறுநீர்ப்பை, குழாயை வெளியே தள்ளப் பார்ப்பதால் ஏற்படும் இறுக்கம் அது. அப்போது முக்க வேண்டாம். மூச்சை மெதுவாக இழுத்துவிட்டு உடலைத் தளர்த்துங்கள். தொல்லை மிகுந்தால் மருந்து உண்டு, செவிலியரிடம் சொல்லுங்கள்.

- பை எப்போதும் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். தரையில் படக் கூடாது.
- குழாய் மடங்காமலும் இழுபடாமலும் தொடையில் ஒட்டிவைக்க வேண்டும்.
- குழாய் நுழையும் இடத்தை நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு தூய்மை செய்ய வேண்டும். பையைத் தொடும் முன்பும் பின்பும் கை கழுவ வேண்டும்.
- பை நிரம்பும் வரை காத்திராமல், மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்ததும் வடித்துவிட வேண்டும்.
- குழாயை ஒருபோதும் இழுத்துப் பிடுங்கக் கூடாது. அதன் நுனியில் நீர் நிரப்பிய சிறு பலூன் இருப்பதால் பாதை கிழிந்து இரத்தப்போக்கு உண்டாகும்.

குழாயை எடுத்தவுடன் முதல் சில முறை எரிச்சலும் அவசரமும் இருக்கும். சிலருக்குச் சிறுநீர் வராமல் போய், சில நாட்களுக்கு மீண்டும் குழாய் வைக்க நேரிடலாம். இதனால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருளில்லை. விரிந்து களைத்த சிறுநீர்ப்பைக்கு ஓய்வு தேவைப்படுகிறது.

வீடு திரும்பிய பின்: வாரந்தோறும்

முதல் வாரம்: எரிச்சல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், அவசரம், சிறு கசிவு, இளஞ்சிவப்பு நிறம் ஆகியவை இயல்பானவை. இதய நோயோ சிறுநீரக நோயோ இல்லாதவர்கள் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் அளவு தண்ணீர் குடிக்கலாம். அந்நோய்கள் உள்ளவர்கள் மருத்துவர் கூறும் அளவைப் பின்பற்ற வேண்டும். வீட்டுக்குள்ளும் தெருவிலும் மெதுவாக நடக்கலாம்.

இரண்டாம் வாரம்: டி.யு.ஆர்.பி. செய்துகொண்டவர்களுக்கு, ஏறத்தாழ பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் உள்ளே உள்ள பொருக்கு உதிரும்போது சிறுநீர் மீண்டும் சிவக்கலாம். முன்னர் குறிப்பிட்ட நடத்துநருக்கு, பன்னிரண்டாம் நாள் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்ததும் சிறுநீர் சிவந்தது. படுத்து ஓய்வெடுத்து, தண்ணீர் குடித்த பின் மறுநாளே தெளிந்துவிட்டது. கட்டிகள் வந்தாலோ நிறம் தெளியாவிட்டாலோ மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை: பளு தூக்குதல், சைக்கிள், நெடுந்தூர இருசக்கர வாகனப் பயணம், மலத்துக்கு முக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கீரை, வாழைப்பழம், பருப்பு போன்ற நார்ச்சத்து உணவுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வயல் வேலையும் சுமை வேலையும் செய்பவர்கள் இத்தனை வாரங்களுக்கு வருமானம் இருக்காது என்பதைக் கணக்கிட்டே சிகிச்சை நாளைக் குறிக்க வேண்டும். நடவுக்கோ அறுவடைக்கோ முந்தைய வாரத்தைத் தேர்ந்தெடுத்தால் ஓய்வு கிடைக்காது. உடலுறவை மருத்துவர் அனுமதிக்கும் வரை தவிர்க்க வேண்டும்.

மூன்றாம் மாதம்: எரிச்சலும் அவசரமும் பெரும்பாலானோருக்கு இதற்குள் அடங்கிவிடும். தாரையின் வேகம் முதலில் சீராகும். இரவில் எழும் தொல்லை சற்றுத் தாமதமாகவே குறையும். பல ஆண்டுகள் அடைப்பை எதிர்த்துத் தடித்துப்போன சிறுநீர்ப்பை இயல்புக்குத் திரும்பக் காலம் எடுக்கும். கசிவு உள்ளவர்கள் இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் செய்ய வேண்டும். சிறுநீரை அடக்குவதுபோல் ஐந்து நொடிகள் இறுக்கி, ஐந்து நொடிகள் தளர்த்துங்கள். ஒருவேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை செய்யலாம். வடிகுழாய் இருக்கும்போது இப்பயிற்சி வேண்டாம்.

அந்த நடத்துநர் மூன்றாம் மாதத்தில் ஏழு கேள்விப் படிவத்தை மீண்டும் நிரப்பினார். 24 ஆக இருந்த மதிப்பெண் 6 ஆகக் குறைந்திருந்தது. மகள் வீட்டுக்கு ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணத்தில், வழியில் இறங்காமல் சென்றுவந்ததையே அவர் மகிழ்ச்சியோடு சொன்னார்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

- சிறுநீர் அடியோடு நின்றுவிடுதல். குழாய் இருந்தும் பையில் எதுவும் சேராமல் அடிவயிறு வீங்கி வலித்தல்
- அடர்சிவப்பாக, கட்டிகளோடு இரத்தம் வருதல்
- 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், நடுக்கம்
- விதைப்பையில் வலியோடு கூடிய வீக்கம்
- ஒரு கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி
- திடீர்க் குழப்பம், மயக்கம்

இவற்றுக்கு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்தியை அழைக்கலாம். ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

உடனிருந்து பராமரிப்பவர்களுக்கு

முதியவர்கள் சிலர் சிகிச்சைக்குப் பிந்தைய இரவுகளில் இடம் தெரியாமல் குழம்பி, குழாயைப் பிடுங்க முயல்வதுண்டு. அதட்ட வேண்டாம். விளக்கை ஏற்றி, பெயர் சொல்லி அழைத்து, இருக்கும் இடத்தை அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள்; செவிலியருக்கு உடனே தெரிவியுங்கள். அவர் வழக்கமாக அணியும் மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் அருகில் இருக்கட்டும்.

வீட்டில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். தரை வழுக்காமல் இருக்கட்டும். அவசரமாக எழுந்து நடக்கையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், சிகிச்சையின் பலனெல்லாம் வீணாகும். கசிவுக்காகத் துணியோ பேடோ வைத்துக்கொள்ள நேர்ந்தால், பிறர் முன்னிலையில் அதைப் பேச வேண்டாம். வெட்கத்தால் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் முதியவர்கள் உண்டு. அதனால் தொற்றே மிகும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. என் சுரப்பியின் அளவுக்கும் உடல்நிலைக்கும் எந்த முறைகள் பொருந்தும்? ஏன்?
2. வடிகுழாய் எத்தனை நாட்கள் இருக்கும்?
3. விந்து வெளிப்பாட்டில் மாற்றம் வருமா?
4. எத்தனை வாரங்களில் என் வேலைக்குத் திரும்பலாம்?
5. பின்னாளில் மீண்டும் சிகிச்சை தேவைப்படலாமா?
6. நான் உட்கொள்ளும் மருந்துகளில் எவற்றை, எப்போது நிறுத்த வேண்டும்?
7. இது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்குமா?

கடைசிக் கேள்விக்கு, காப்பீட்டு அட்டையுடன் மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரை அணுகுங்கள்.

சிகிச்சை முடிந்த பின்னும் மறக்கக் கூடாதது

டி.யு.ஆர்.பி., ஹோலெப் முறைகளில் அகற்றப்பட்ட திசு, புற்றுநோய் உள்ளதா என்று பார்ப்பதற்காகப் பரிசோதனைக்கு அனுப்பப்படும். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நீராவி, யூரோலிஃப்ட் முறைகளில் திசு வெளியே எடுக்கப்படுவதில்லை என்பதால் முன்பரிசோதனைகள் மேலும் முக்கியமாகின்றன. எந்த முறையானாலும் சுரப்பியின் வெளிப்பகுதி உள்ளேயே இருக்கிறது. அதில் பின்னாளில் புற்றுநோய் வரக்கூடும். ஆகவே, மருத்துவர் கூறும் காலத்தில் பி.எஸ்.ஏ. பரிசோதனையைத் தொடர வேண்டும்.

இரவில் பலமுறை எழுவதும், தாரை மெலிவதும் முதுமைக்கு நாம் செலுத்தியே தீரவேண்டிய விலை அல்ல. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ கூச்சமின்றிச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து சிறுநீரகவியல் அறுவை சிகிச்சைத் துறைக்கு அனுப்பிவைப்பார்கள். சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும், உள்ளே ஆறிக்கொண்டிருக்கும் புண்ணுக்கு உரிய வாரங்களைக் கொடுங்கள்.